ஒரே கதவுக்கு ஏழு சாவி

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, மருந்துக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில், ஒருவர் இரண்டு கையையும் விரித்தால் இருபக்கச் சுவரும் தொடும் அளவுக்கு ஒரு கடை. அதில் பதினோரு வருடமாகச் சாவி வெட்டிக்கொண்டிருந்தாள் சாவியக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. பல் விழுந்த கிழவர்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

கடை முதலில் அவள் கணவருடையது. அவருக்குக் கைநடுக்கம் வந்த வருடம், மதியச் சாப்பாடு கொண்டுவந்தவள் அப்படியே முக்காலியில் உட்கார்ந்து அரத்தை எடுத்தாள். முதல் மாதம் முழுக்க, பல் வெட்டாத வெற்றுச்சாவிகளைப் பாழாக்கினாள். இரண்டாம் மாதத்திலிருந்து அவர் குறை சொல்ல இடம் கிடைக்கவில்லை. "அரம் பிடிச்ச கை கரண்டியை மறந்துடும்னு பயந்தேன். நல்லவேளை, ரெண்டுமே ஞாபகம் இருக்கு," என்று மருந்துக் கடைக்காரரிடம் சொல்லிச் சிரிப்பார்.

சாவியைத் தொலைத்தவர்கள் பெரும்பாலும் வாயாடிகள். எங்கே வைத்தோம், யார் எடுத்தார்கள், வீட்டில் என்ன திட்டு விழுந்தது என்று ஒன்று விடாமல் சொல்லாமல் அவர்களுக்கு மனம் ஆறாது. இயந்திரம் கிறீச்சிட்டுப் பித்தளைத் தூள் பறக்கும். சாவியக்கா தலையை ஆட்டிக்கொண்டே எல்லாம் கேட்பாள். அவளுக்கு அது பிடித்தும் இருந்தது.

அப்படித்தான் அந்த மனிதரின் கதையையும் கேட்டாள். மடிப்புக் கலையாத சட்டை, பையில் பேனா, அடங்கிய குரல். ஒரு வீட்டுச் சாவியை நீட்டி, இரண்டு டூப்ளிகேட் வேண்டும் என்றார்.

"தொலைச்சுட்டீங்களா?" என்று கேட்டாள்.

"நான் இல்லைம்மா. வீட்டுல அவங்க. மறதி வியாதி. டாக்டர் இது இன்னும் கூடும்னு சொல்லிட்டார். நேத்து சாவியை அரிசி டப்பாவுக்குள்ள போட்டு மூடி வச்சுட்டு, ஊரெல்லாம் தேடுறாங்க."

சொல்லிவிட்டு அவரே லேசாகச் சிரித்தார். சிரித்த கண் ஈரமாக இருந்தது. சாவியக்காவுக்கு மனம் இளகிவிட்டது. கூலியைக் குறைத்துச் சொன்னாள். அவர் முழுக் கூலியையும் எடுத்து வைத்தார்.

"உழைப்புக்குக் குறைச்சுக் கொடுத்தா எனக்கு ஒட்டாதும்மா."

அடுத்த இரண்டு வாரத்தில் மூன்று முறை வந்தார். ஒருமுறை ஒன்று, மற்ற இருமுறையும் இரண்டிரண்டு. ஒவ்வொரு தடவையும் மனைவியைப் பற்றி ஒரு புதுச் சங்கதி இருக்கும். சாவியை நூலில் கோத்து அந்தம்மா கழுத்தில் போட்டுவிடச் சொல்லி இவள் யோசனைகூடச் சொன்னாள். வீட்டில் கணவரிடம், "ஆம்பளைன்னா அப்படி இருக்கணும். முகத்துல ஒரு சலிப்பு இல்லை," என்று சொல்ல, அவர், "கல்யாணமான நாள்லேர்ந்து நீ வைக்கிற ரசத்தைக் குடிக்கிறேன். எனக்கு எங்கேடி சலிப்பு இருக்கு?" என்று கேட்டார்.

மாதத்தின் முதல் நாள் காலை, கடை திறந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. சீருடையில் ஒரு நர்ஸ் மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

"அக்கா, ஒரு பூட்டை மாத்தணும். இப்பவே வரணும். நாங்க குடிபோற வீட்டுல வேற யாரோ புகுந்து சாமான் இறக்கிட்டு இருக்காங்க. கேட்டா அவங்க வீடுங்கறாங்க."

சாவியக்கா அவள் நீட்டிய சாவியை வாங்கினாள். தான் வெட்டும் எந்தச் சாவியின் முனையையும், சட்டைப்பையைக் கிழிக்காமல் இருக்க, அரத்தால் மூன்று இழுப்பு இழுத்து மழுக்கிவிடுவது அவள் வழக்கம். அந்த மழுங்கல் அதில் இருந்தது. பல்வரிசையும் தெரிந்த வரிசைதான். ஏழு தடவை வெட்டிய கை மறக்குமா?

அவள் கருவிப்பையை எடுப்பதற்குள் சரக்கு வண்டி ஓட்டுகிற ஒருவர் வந்து நின்றார். அவர் கையிலும் அதே சாவி. அவருக்கும் அதே கதை.

 சாவியக்கா கடையைப் பூட்டிவிட்டு இருவரோடும் நடந்தாள்.

தெருக்கோடியில் இருந்தது அந்த வீடு. இவர்கள் போனபோது வாசலில் மூன்று வண்டிகள் நின்றன. மதியத்துக்குள் ஏழாகிவிட்டது. கட்டில், பீரோ, குளிர்பெட்டி, குழந்தையின் தொட்டில் எல்லாம் நடுத்தெருவில். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் தன் சாவியைப் பூட்டில் போட்டுத் திருப்புவதும், எடுப்பதும், மறுபடி திருப்புவதுமாக இருந்தார். "திறக்குதே," என்றார் ஒவ்வொரு தடவையும். ஏழு பேர் சாவியும் திறந்தது. அதுதான் யாருக்கும் விளங்கவில்லை. சாவி பொய் என்றால் திறக்கக் கூடாது. திறக்கிறது என்றால் வீடு என்னுடையது. ஆளாளுக்கு இதையே உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னபிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது. வீட்டின் உண்மையான சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். மடிப்புச் சட்டைக்காரர் ஒரே ஒரு மாதம் தங்கிக்கொள்கிறேன் என்று பொய்ப் பெயரில் வாடகைக்கு எடுத்திருக்கிறார். அந்த ஒரு மாதத்தில், தானே வீட்டுக்காரன் என்று சொல்லி ஏழு குடும்பங்களுக்கு வீட்டைக் காட்டி, ஏழு பேரிடமும் முன்பணம் வாங்கிக்கொண்டு, முந்தின நாள் மாலையே கம்பி நீட்டிவிட்டார்.

சாவியக்கா அப்போது வாயைத் திறக்காமல் திரும்பி வந்திருக்கலாம். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. பூட்டு மாற்ற வந்தவள், அவ்வளவுதான்.

"இந்தச் சாவியெல்லாம் நான்தான் போட்டுக் கொடுத்தேன்," என்றாள்.

 மொத்தக் கோபமும் அவள் பக்கம் திரும்பியது. ஓடிப்போனவன் கைக்கு எட்டவில்லை, இவள் எட்டுகிற தூரத்தில் நின்றாள்.

"உனக்கு எவ்வளவு பங்கு?" என்று கேட்டார் வண்டிக்காரர்.

"கூலி வாங்கினேன்."

"ஒரே சாவியை ஏழு போடச் சொல்றான், உனக்கு ஒரு சந்தேகமும் வரலையா?"

"வரலை. வந்திருக்கணும்."

  நர்ஸின் தொட்டில் வெயிலில் கிடந்தது. சாவியக்கா அதை எடுத்து நிழலில் வைத்துவிட்டு, "ஸ்டேஷனுக்கு யார் வர்றீங்க?" என்று கேட்டாள்.

மூன்று பேர்தான் வந்தார்கள். காவல் நிலையத்தில் எழுத்தர் பேனாவைத் திறக்காமலேயே எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் சாவியக்காவைப் பார்த்து, "சாவி போட்டவ நீதான்னா முதல்ல உன்னைத்தான் உட்கார வைக்கணும்," என்றார்.

"உட்கார வைங்க சார். ஆனா புகாரை எழுதிட்டு உட்கார வைங்க."

எழுத்தர் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பேனா மூடியைக் கழற்றினார். எழுதி முடித்ததும், "மூணு பேர் சொன்னா இது வாடகைத் தகராறு. ஏழு பேரும் சொன்னா மோசடி. மத்தவங்களையும் கூட்டிட்டு வா," என்றார்.

வீட்டுக்கு வந்தபோது கணவருக்குச் சேதி எட்டியிருந்தது. "உன்னை யாரு வாயைத் திறக்கச் சொன்னது? நம்ம வேலை சாவி போடுறது. கதவுக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்க்கிறது நம்ம வேலையா?"

"அந்தாளு அவங்ககிட்ட பேசி மட்டும் பணம் வாங்கலைங்க. சாவியைக் கையில வச்சான். அதுக்கப்புறம்தான் நம்புனாங்க. தூண்டில் அவனோடது, புழு நான் வெட்டிக் கொடுத்தது."

மறுநாளிலிருந்து கடையை மதியத்தில் இரண்டு மணி நேரம் அடைத்துவிட்டு, புகார் கொடுக்காதவர்களைத் தேடிப் போனாள். ஒருவர் கதவைத் திறக்கவே இல்லை. ஒரு பெண், "மாமியாருக்குத் தெரிஞ்சா நான் செத்தேன்," என்று கையெடுத்துக் கும்பிட்டாள். கணக்கு வாத்தியார் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். ஆனால் கையெழுத்து மாட்டேன் என்றார்.

"முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன்மா நான். என்னையே கணக்குல கவிழ்த்துட்டான்னா, என்கிட்ட படிச்சவன் சிரிக்க மாட்டானா?"

"எப்படிக் கவிழ்த்தான் சார்?"

வாத்தியார் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு சொன்னார். "ரசீது எழுதும்போது தொகையைக் கூட்டிப் போட்டான். நான் கொடுத்ததைவிட அதிகம். நான் உடனே, தப்பா எழுதியிருக்கீங்கன்னு திருத்தினேன். அசந்துபோய், 'உங்களை மாதிரி நேர்மையான மனுஷன்தான் சார் என் வீட்டுக்கு வரணும்'னான். எனக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. தப்பைக் கண்டுபிடிச்சவனுக்கு, தப்பு தன்கிட்ட இருக்குன்னு எப்படித் தோணும்?"

நர்ஸிடம் வேறு பேச்சு. அவளுடைய பழைய வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லி நெருக்குவதைப் பேச்சுவாக்கில் கறந்துகொண்டு, "அஞ்சு மணிக்கு இன்னொரு குடும்பம் பணத்தோட வருது. ஆனா உங்களைப் பார்த்தா என் தங்கச்சி ஞாபகம் வருது, நாலரை வரைக்கும் காத்திருக்கேன்," என்றிருக்கிறான். யோசிக்க அரைமணி நேரம்கூட விடவில்லை. வண்டிக்காரரிடம், தானும் ஒரு காலத்தில் வண்டி ஓட்டிக் கஷ்டப்பட்டவன் என்று சொல்லி, டயர் விலை வரை பேசியிருக்கிறான்.

சாவியக்கா இதையெல்லாம் கேட்கக் கேட்க ஒன்று தெளிவானது. அவன் யாரிடமும் முதலில் பணம் கேட்கவில்லை. பேச விட்டுக் கேட்டிருக்கிறான். வாத்தியாருக்குப் பெருமை, நர்ஸுக்கு அவசரம், வண்டிக்காரருக்குத் தோழமை என்று ஆளுக்கேற்ற அளவு பார்த்து வெட்டியிருக்கிறான். தனக்கு இரக்கம். ஒரு வகையில் அவனும் தன் தொழில்தான் செய்திருக்கிறான் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வாத்தியாரிடம் அவள் மூன்று தடவை போனாள். மூன்றாம் தடவை சொன்னாள்: "நீங்க வெட்கப்பட்டு வீட்டுல உட்காருவீங்கன்னு அவனுக்குத் தெரியும் சார். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் உங்ககிட்ட வந்திருக்கான்."

வாத்தியார் செருப்பை மாட்டிக்கொண்டார். அவர் கையெழுத்துப் போட்டதைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஏழில் ஆறு. கதவைத் திறக்காதவர் கடைசிவரை திறக்கவில்லை.

புகார் கனத்தது. ஆனால் ஆள் எங்கே? சாவியக்கா யோசித்தாள். நன்றாக ஓடுகிற வியாபாரத்தை யாரும் விடமாட்டார்கள். அவன் இன்னொரு வீடு பிடிப்பான். இன்னொரு வீடு என்றால் இன்னும் ஏழெட்டுச் சாவி. அதற்குச் சாவிக்கடைக்குத்தானே போகவேண்டும்?

நகரத்தில் இருபத்து மூன்று சாவிக்கடைகள் இருந்தன. ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாள்.

"ஆளு எப்படி இருப்பான்?" என்று எல்லோரும் கேட்டார்கள்.

"ஆளை விடுங்கண்ணே. மீசையை எடுத்தா ஆள் மாறிடுவான். கதையைக் கேளுங்க. வீட்டுல யாருக்கோ மறதின்னு சொல்லி, ஒரே சாவியைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னா, எனக்கு ஒரு போன் பண்ணுங்க."

சிலர் சிரித்தார்கள். ஒருவர், "எனக்கே மறதி தங்கச்சி, நீ சொன்னதே மறந்துடும்," என்றார். மாதம் ஒன்று போனது. இரண்டு போனது. வண்டிக்காரர் இன்னும் அவளை நம்பவில்லை. கடைக்கு எதிரே வண்டியை நிறுத்தி, யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். அவள் ஒருநாளும் அதைக் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டாம் மாதக் கடைசியில் ஒருநாள், கடைக்குப் போனவள் மறந்துவிட்ட மூக்குக்கண்ணாடியை எடுக்க வீட்டுக்குத் திரும்பி வந்தாள். கணவர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். சந்தைக்குப் பின்னால் கடை வைத்திருக்கும் பழைய தொழில்காரரிடம், மறதிக் கதையை ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தார். எதிரே ஒரு தாளில் இருபத்து மூன்று கடைகளின் எண்களும் கோணல்மாணலாக எழுதியிருந்தன. வாரம் ஒருமுறை எல்லோருக்கும் பேசுகிறாராம்.

"இது எப்போலேர்ந்து?" என்றாள்.

"கைதான் நடுங்குது. வாய் நல்லாத்தானே இருக்கு," என்றார்.

பத்து நாள் கழித்து அந்தச் சந்தைக் கடைக்காரர்தான் கூப்பிட்டார்.

"தங்கச்சி, பொண்டாட்டி இல்லை, அம்மாவாம். அம்மாவுக்கு மறதியாம். போன வாரம் ரெண்டு, இன்னைக்கு ரெண்டு கேட்டான். கூலியைக் குறைச்சுச் சொன்னேன், குறைச்சுக் கொடுக்க மாட்டேன்னுட்டான்."

"சாவி கொடுத்துட்டீங்களா?"

"இயந்திரத்துல பிளேடு போச்சு, நாளைக்குப் பதினோரு மணிக்கு வாங்கன்னு அனுப்பிட்டேன்."

சாவியக்கா நேரே காவல் நிலையத்துக்குப் போனாள். எழுத்தர் இந்தத் தடவை பேனாவைத் தேடவில்லை, எழுந்து உள்ளே போய் அதிகாரியிடமே சொன்னார். மறுநாள் காலை சாதாரண உடையில் இரண்டு காவலர்கள் சந்தைக்குப் பின்னாலிருந்த பழக்கடையில் நின்று விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் விடுப்பு எடுத்திருந்தாள். வாத்தியார் எதிர்ப்பக்கம் செய்தித்தாளைப் பிரித்துவைத்து ஒரே பக்கத்தை ஒருமணி நேரமாகப் படித்தார். தெருமுனையை அடைத்தாற்போல் சரக்கு வண்டி நின்றது. கடைக்குள் இயந்திரத்தின் முன்னால், வாசலுக்கு முதுகு காட்டி, சாவியக்கா உட்கார்ந்திருந்தாள்.

பதினொன்று பத்துக்கு அந்தக் குரல் கேட்டது.

"பிளேடு மாத்தியாச்சா? அம்மா காலையிலேர்ந்து வாசலையே பார்த்துட்டு இருக்காங்க."

மீசை இல்லை. கண்ணாடி போட்டிருந்தான். மடிப்புச் சட்டை மட்டும் அப்படியே. சாவியக்கா திரும்பினாள்.

"வாங்க. உங்க வீட்டம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?"

ஒரே ஒரு இமைப்பு. அதற்குள் அவன் முகம் மாறிவிட்டது. தோள் தளர்ந்தது, கண்ணில் ஈரம் கட்டியது.

"தவறிட்டாங்கம்மா. ஒரு மாசமாச்சு. கடைசி நாள்ல என்னையே யாருன்னு கேட்டாங்க."

அரை நொடி, அரை நொடிதான். எல்லாம் தெரிந்தும், வெளியே காவலர் நிற்பது தெரிந்தும், ஐயோ பாவம் என்று மனம் ஒரு படி இறங்கியது. இதை அவள் பிற்பாடு யாரிடமும் மறைக்கவில்லை. "அப்பேர்ப்பட்ட ஆளு. உங்களை எல்லாம் ஏமாத்தினது ஒண்ணும் அதிசயமே இல்லை," என்று வாத்தியாரிடமே சொன்னாள். அவருக்கு அதில்தான் நிஜமான ஆறுதல் கிடைத்தது.

அவள் எழுந்து நின்றாள். "அப்ப இந்தச் சாவி அவங்களுக்கு வேண்டியதில்லை," என்று சொல்லி, அவன் நேற்று கொடுத்துவிட்டுப் போன மாதிரிச் சாவியை எடுத்துப் பக்கத்தில் வந்து நின்ற காவலரிடம் கொடுத்தாள்.

அவன் ஓடவில்லை. ஓடுவதற்கு வழியும் இல்லை. தெருமுனையில் வண்டிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். போகும்போதுகூட அந்த மனிதன் காவலரிடம், "உங்களுக்குப் பொண்ணு இருக்கா சார்?" என்று தொடங்கியது சாவியக்கா காதில் விழுந்தது.

அவன் பையில் நான்கு ரசீதுகள் இருந்தன. நான்கு குடும்பங்களையும் அன்றைக்கே கூப்பிட்டு, சாமான் கட்ட வேண்டாம் என்று சொன்னார்கள். அவர்கள் பணம் அப்படியே திரும்பியது. பழைய ஆறு பேருக்கு அவ்வளவு அதிர்ஷ்டம் இல்லை. வழக்கு இழுத்தடித்து, பாதிக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைத்தது. மீதியை அவன் எங்கே விட்டான் என்பது அவனுக்கே வெளிச்சம்.

நீதிமன்றத்தில் அவன் தரப்பு வழக்கறிஞர் சாவியக்காவை நிற்கவைத்து, "நீங்களும் இதுல கூட்டாளிதானே?" என்று கேட்டார்.

"கூட்டாளியா இருந்தா எனக்கு முழுக் கூலி கொடுத்திருப்பாராங்க?" என்றாள். நீதிபதி குனிந்து ஏதோ எழுதினார். அவர் சிரிப்பை மறைத்தார் என்று நர்ஸ் இன்றுவரை அடித்துச் சொல்கிறாள்.

இப்போது கடையில் ஒரு அட்டை தொங்குகிறது. ஒரே சாவிக்கு இரண்டுக்கு மேல் டூப்ளிகேட் வேண்டுமென்றால் வீட்டுப் பத்திரமோ வாடகை ஒப்பந்தமோ காட்டவேண்டும். இதனால் வாடிக்கை குறைந்தது உண்மை. "நான் என்ன திருடனா?" என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. "இல்லைன்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்கிறேன்," என்பாள். குரலை உயர்த்தமாட்டாள், அட்டையையும் எடுக்கமாட்டாள்.

நர்ஸ் இத்தனை நாளும் அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வீடு பார்க்கப் போகும்போது சாவியக்காவையும் கூட்டிக்கொண்டு போனாள். தரகர் கையோடு முன்பணம் கேட்டார். இன்னொருவர் நாளைக்கே வருவதாகவும் சொன்னார்.

"வரட்டும். நல்லா வரட்டும்," என்று சொல்லிவிட்டு, சாவியக்கா பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். அப்புறம் எதிர்வீடு. அப்புறம் மாடிவீடு. வீட்டுக்காரர் யார், எத்தனை வருடமாகத் தெரியும், இதற்கு முன் இருந்தவர்கள் ஏன் போனார்கள் என்று சளைக்காமல் கேட்டாள். வீட்டுக்காரர் நிஜமானவர்தான், தங்கமானவரும்கூட. ஆனால் மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் சமையலறை வரை வந்து எட்டிப் பார்க்கும் என்று மாடிவீட்டுப் பாட்டி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கால்மணி நேரம் சொன்னார்.

நர்ஸ் சோர்ந்துபோய்ப் படியில் உட்கார்ந்தாள். "எத்தனை வீடுக்கா இன்னும்?"

"எத்தனை இருக்கோ அத்தனை," என்று சொல்லி அவள் கையைப் பிடித்து எழுப்பினாள் சாவியக்கா. "அடுத்தது எங்கே, அந்த விலாசத்தை எடு."